கொடுமுடி வகை

காலை ஏழரைக்கு அறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, அன்புக்கரசியின் படம் ஒன்றைத் திறந்தேன். சின்ன வேலைதான். அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு வைவா, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஸ்லைடில் போட ஒரு படம் வேண்டும், மூலையில் அளவுக்கோடு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தாள். மஞ்சள் பயிரில் வரும் இலைப்புள்ளி நோயின் பூஞ்சை வித்துகள் அவை, கொடுமுடியில் பறித்த இலைகளிலிருந்து எடுத்தவை. கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் நானூறு மடங்கு பெரிதாக்கினால் அரிவாள் மாதிரி வளைந்து வளைந்து கிடக்கும். கோடு போடுவதற்கு முன்னால், பழக்கதோஷத்தில், ஒரு வித்தை நுனியிலிருந்து நுனிவரை இழுத்து அளந்தேன். இருபத்திரண்டு மைக்ரான் என்று வந்தது.

அவளுடைய ஆய்வேட்டில் கொடுமுடி வித்துகளின் சராசரி நீளம் இருபத்தொன்பது.

இன்னொன்றை அளந்தேன். இருபத்தொன்றரை. வேறொரு படத்தைத் திறந்து ஐந்து அளந்தேன். எல்லாம் இருபத்திரண்டை ஒட்டியே வந்தன. முப்பது அளந்த பிறகு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் அளந்தால் விடை மாறும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. வாங்கி வந்திருந்த டீ பாலிதீன் பையிலேயே ஆறிப் போயிருந்தது. கீழே கிராஸ்கட் ரோட்டில் துணிக்கடைகளின் ஷட்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அளவுகளை எடுத்தது நான். அவள் இல்லை.

அன்புக்கரசியும் நானும் ஒரே ஆய்வகத்தில் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். நான்காவது வருடம் நான் விட்டுவிட்டேன். ஏன் என்று யாராவது கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்லுவேன். உண்மை என்னவென்றால் ஒருநாள் காலையில் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அதனால் எங்கள் வீட்டில் எதுவும் கெட்டுப் போகவில்லை. அன்னூரில் ஏழு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. தென்னை தன் பாட்டுக்குக் காய்க்கிறது. அப்பா ஒரு மாதம் பேசாமல் இருந்தார், பிறகு பேசினார். நான் கீரணத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்டில் சேர்ந்தேன். வெளிநாட்டுத் தெருக்களின் படங்கள் வரும். கம்ப்யூட்டருக்கு அடையாளம் கற்றுக்கொடுக்க, கார், ஆள், நாய் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும். யோசிக்கத் தேவையில்லாத வேலை. அதனால்தான் பிடித்திருந்தது.

அவள் விடவில்லை. விடுகிற வசதி அவளுக்கு இல்லை. கொடுமுடிக்குப் பக்கத்தில் காவிரி வாய்க்கால் பாசனம். அம்மா பழனியாத்தாள் அங்கே பாலுசாமி என்பவரின் மஞ்சள் காட்டில் முப்பது வருடக் கூலி. அப்பா இல்லை. தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவள். மூன்று ஊர்களிலிருந்து நோய் வந்த இலைகளைப் பறித்து வந்து, வித்துகளின் அளவை ஒப்பிடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அன்னூர், சத்தியமங்கலம், கொடுமுடி. கொடுமுடி இலைகளைத் தன் அம்மா களையெடுக்கிற காட்டிலேயே பறித்தாள். அதைக் கேட்டு வாங்க மூன்று தடவை போக வேண்டியிருந்தது. "எங்காட்டுச் சீக்கைப் போட்டோப் புடிச்சு ஊரெல்லாம் காட்டறதுக்கா" என்று பாலுசாமி கேட்டாராம்.

போன வருடம், அளவெடுக்க வேண்டிய சமயத்தில், அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாற்பது நாள் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். ஆய்வேட்டைக் கொடுக்க கைடு கோபாலசாமி நாள் குறித்துவிட்டார். தொள்ளாயிரம் படங்கள் பாக்கி. நான் அளந்து தருகிறேன் என்றேன். காதல் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். பகலில் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

நுண்ணோக்கியோடு வந்த மென்பொருளுக்கு ஒரு சாவி உண்டு. பென் டிரைவ் மாதிரி இருக்கும். அது துறைத்தலைவரின் பீரோவில் பூட்டியிருந்தது. அதனால் நாங்கள் எல்லோரும் இமேஜ்ஜே என்ற மென்பொருளைத்தான் பயன்படுத்தினோம். இலவசம். எங்கோ யாரோ எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டது. வரைபடம் போட க்னூபிளாட், அதுவும் அப்படித்தான். எதற்கும் உத்தரவாதம் கிடையாது என்று முன்னாடியே எழுதியிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை.

அளப்பதற்கு முன் ஒரு மைக்ரானுக்குப் படத்தில் எத்தனை பிக்சல் என்று அந்த மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய கேமராவுக்கு நான்கு புள்ளி ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்காமல், எல்லாப் படத்துக்கும் இதே அளவு என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிடலாம். போட்டேன். அன்னூர்ப் படங்கள் முடிந்தன, சத்தியமங்கலம் முடிந்தது. கொடுமுடிப் படங்களை எடுப்பதற்குள் பழைய கேமரா பழுதாகி, புதிது வந்திருந்தது. அதில் மைக்ரானுக்கு ஐந்து புள்ளி நான்கு; அந்த அளவு ஒவ்வொரு படத்தோடும் பதிந்தே வரும். மென்பொருளை ஒருமுறை மூடித் திறந்திருந்தால் அந்த டிக் போயிருக்கும். என் லேப்டாப் மறுபடி உயிர் பெற இருபது நிமிடம் ஆகும் என்பதால் நான் அதை அணைப்பதே இல்லை. மூடியை மட்டும் சாத்துவேன். பதினோரு நாள் அது திறந்தபடியே கிடந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு கொடுமுடிப் படங்களையும் பழைய கேமராவின் கணக்கில் அளந்து தள்ளியிருக்கிறேன். எல்லா வித்தும் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்துவிட்டது.

வரைபடத்தில் இரண்டு கட்டைத் தூண், பக்கத்தில் ஒரு நெட்டைத் தூண். கோபாலசாமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆற்றங்கரை ஈரத்தில் பூஞ்சை வேறு வகையாக மாறியிருக்கிறது என்றார். 'கொடுமுடி வகை' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதச் சொன்னார். அது ஒரு ஆய்விதழில் வந்தது. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவள் படத்தோடு செய்தி வந்தது. ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், வைவா முடிந்தவுடன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆய்வேட்டைப் படித்த இரண்டு தேர்வாளர்களும் நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மூலப்படத்தைத் திறந்து கோடு இழுத்துப் பார்க்கிற ஆள் இனிமேல் யார்? அன்று பகல் முழுக்க இதையே யோசித்துக் கிடந்தேன். ஷிஃப்டுக்குப் போய் நாய்களுக்குக் கட்டம் போட்டேன். மறுநாள் காலை நேராகக் காந்திபுரத்தில் ஈரோட்டு பஸ் ஏறினேன். அங்கிருந்து கொடுமுடிக்கு இன்னொன்று. அம்மாவை மருந்துக்குக் கூட்டிப் போக அவள் ஊரில் இருந்தாள்.

காலனியில் ஒற்றை அறை கான்கிரீட் வீடு. நான் போனபோது அன்புக்கரசி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பழனியாத்தாள் வாசலில் உட்கார்ந்து மஞ்சள் கிழங்கிலிருந்து வேரை அரிந்துகொண்டிருந்தாள். மகளோடு படித்தவன் என்றதும் முகம் மலர்ந்து, பாயை உதறிப் போட்டாள். சாப்பிட்டாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, நான் கேட்காமலே, நாற்காலிக் கதையைச் சொன்னாள். பேப்பரில் வந்த அன்று பாலுசாமி ஆளனுப்பிக் கூப்பிட்டாராம். என்ன தப்பு நடந்ததோ என்று பயந்துகொண்டு போனாளாம். அவர் சம்சாரம் ராசாத்தாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்காரச் சொன்னாராம்.

"முப்பது வருசம் அந்தக் களத்துல மஞ்சள் வேகவெச்சிருக்கறனுங்க தம்பி. அங்க நாற்காலின்னு ஒண்ணு இருக்கறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பண்ணாடி பாலுசாமி இப்போது சந்தைக்குப் போனால் எங்காட்டுச் சீக்குதான் ஜில்லாவிலேயே பெரிது என்று பெருமை பேசிக்கொண்டு திரிகிறாராம். போன வாரம் வந்த உரக்கடைக்காரரைக் காட்டுக்கே கூட்டிப் போய்க் காட்டினாராம். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் மோசம்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"அன்னூருங்க."

"அங்க தோட்டமுங்களா?"

ஆமாம் என்றேன். ஏழு ஏக்கர், தென்னை என்றும் சொன்னேன்; எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். உட்காருங்கள் என்றேன். பரவாயில்லீங்க என்றாள். மகள் தண்ணீர்க் குடத்தோடு வரும்வரை நின்றபடியேதான் பேசினாள்.

அன்புக்கரசி என்னைப் பார்த்ததும் அளவுக்கோடு போட்டாயிற்றா என்று கேட்டாள். இதற்காகவா இவ்வளவு தூரம், மெயிலில் அனுப்பியிருக்கலாமே என்றாள். அம்மா, டீ வைத்துக் கொடுத்துவிட்டு, நான்கு மணிக்குப் பண்ணாடி வீட்டுக்கு வரச்சொன்னார்கள் என்று கிளம்பினாள். வைவாவுக்குக் கட்டிக்கொள்ள ராசாத்தாள் ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாராம்.

அம்மா தெரு திரும்புகிறவரை காத்திருந்து லேப்டாப்பைத் திறந்தேன். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் உதவவில்லை. படத்தைத் திறந்து, ஒரு வித்தை அளந்து, எண்ணைக் காட்டினேன். அன்புக்கரசி என் விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். புதுக் கேமராவில் எடுத்த அளவுக் கண்ணாடியின் படத்தைத் தேடித் திறந்தாள். அது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் கீறிய கண்ணாடி. அதன்மேல் கோடு இழுத்தாள். அழித்துவிட்டு இன்னொரு முறை இழுத்தாள். ஐந்து புள்ளி நான்கு. பிறகு வித்துகளுக்குப் போனாள். பத்து, பதினைந்து. நான் சுவரில் மாட்டியிருந்த பேப்பர்ச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

"படத்துல வேற அளவு இருக்குதுன்னு அது எச்சரிக்கை காட்டுமேங்க. வரலீங்களா?"

"வந்துச்சு."

"அப்புறமுங்க?"

"இனிமேல் காட்ட வேண்டாம்னு அமுத்திப்போட்டேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், வகுப்பில் குறிப்பெடுக்கும்போது ஆட்டுவது போல. கொடுமுடியின் எல்லா எண்களையும் சரியான கணக்குக்கு மாற்றி வரைபடத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றினேன். நெட்டைத் தூண் இறங்கி மற்ற இரண்டோடு நின்றது. இருபத்தொன்று புள்ளி எட்டு, இருபத்திரண்டு புள்ளி மூன்று, இருபத்திரண்டு. மூன்று தூண்களின் தலைமேலும் ஒரு தட்டை வைத்தால் ஆடாமல் நிற்கும். ஐந்து வருடம்.

"எங்கூருச் சீக்கும் எல்லா ஊருச் சீக்குந்தான்" என்றாள்.

நான் பேச ஆரம்பித்தேன். இது யாருக்கும் தெரியாது, தெரியவும் வராது என்றேன். பழைய கோப்பை நான் அழித்துவிடுகிறேன் என்றேன். இல்லாவிட்டால் கோபாலசாமியிடம் நானே வந்து தப்பு என்னுடையது என்று சொல்கிறேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு வெட்டிப் பேச்சு என்று தெரிந்தது. ஆய்வேட்டில், எல்லா அளவுகளும் என்னால் எடுக்கப்பட்டவை என்று கையெழுத்துப் போட்டிருப்பவள் அவள். நான் வாயைத் திறந்தால் அவளுக்கு இரண்டாவது குற்றம் சேரும். என்னிடம் பறிப்பதற்கு ஒன்றுமில்லை. நான்தான் ஏற்கெனவே விட்டுவிட்டேனே.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"நேத்து வரைக்கும் இது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுது. தூக்கம் வராம, பஸ் ஏறி வந்து எங்கிட்ட எறக்கி வெச்சுப்போட்டீங்க. இனி நீங்க தூங்கிருவீங்க."

எழுந்து உள்ளே போய் ஒரு பென் டிரைவ் எடுத்து வந்தாள். படங்கள், எண்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றச் சொன்னாள். ஏற்ற வேண்டிய வரைபடம் பழையதா, திருத்தியதா என்று நான் கேட்டேன். திரையை ஒரு கணம் பார்த்தாள்.

"ரெண்டையும் போடுங்க."

போட்டேன். வியாழக்கிழமை எதைக் காட்டுவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை. அம்மா அரிந்துவிட்டுப் போன கிழங்குகளின் பக்கத்தில் அவள் உட்கார்ந்து, அரிவாளை எடுத்து, மீதியை அரிய ஆரம்பித்தாள். வித்துகளைப் போலவே வளைந்த சின்ன அரிவாள். அதைப் பார்க்க முடியாமல் எழுந்தேன். வாரேன் என்று சொன்னேன். சரிங்க என்றாள், நிமிராமல்.

ஈரோட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏறி உட்கார்ந்ததுமே, அவள் சொன்ன மாதிரியே, கண் சொருகியது. இரண்டு நாள் தூக்கம். வாய்க்கால் பாலம் தாண்டி, மஞ்சள் காடுகளுக்கு நடுவே, ரோட்டை ஒட்டி ஒரு பெரிய வீடு வந்தது. எதிரே கரும்பு லாரி ஒன்று வர, பஸ் அங்கே ஒதுங்கி நின்றது. வாசலில் கட்டம்போட்ட லுங்கியில் ஒரு பெரியவர், பாலுசாமியாகத்தான் இருக்க வேண்டும், கையை விரித்துக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். எதிரில் நின்ற இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் பழனியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் காகிதத்தில் சுற்றிய ஒரு சேலை. சாய்ந்து உட்காரவில்லை. நாற்காலியின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடலாம் என்பது போல, இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தாள்.