சகலையின் ஈக்வலைசர்

சொந்தப் பெண்டாட்டியின் குரலை இன்னொருத்தன் ஸ்டூடியோவில் பதிவு செய்து அனுப்பி, அதை உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும் என்று டெசிபலிடம்தான் கேட்க வேண்டும். காலையிலிருந்து அதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெட்போன் அழுத்தி இரண்டு காதும் சிவந்துவிட்டன. பக்கத்தில் வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. ஒரு நாவலின் முதல் அத்தியாயம் அது. வெளியூர் போய்த் திரும்பிய ஒருத்தி, பூட்டிய வீட்டின் முன்னால் மழையில் நிற்கிறாள். 'சாவியைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்' என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியின் முடிவில், மூச்சோடு மூச்சாக, ஒரு சிரிப்பு வந்துபோகிறது. சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. சிரிக்க வாயெடுத்து, சரி போகட்டும் என்று விட்ட மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலைப் பதிவு செய்கிறவர் அவர். சோப்பு விளம்பரம், லிஃப்டில் மாடி எண் சொல்வது, வங்கியில் வரிசை எண் கூப்பிடுவது எல்லாம் அவர் மைக்கில் விழுந்த குரல்தான். அந்தச் சிரிப்பு மட்டும் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

தொழிலில் அவருக்கு டெசிபல் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. மனிதர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஸ்பீக்கர் எவ்வளவு இரைகிறது என்று அளக்கிறவர். மூச்சு, எச்சில் விழுங்கும் சத்தம், தாள் புரளும் சத்தம் எதுவும் அவரைத் தாண்டிப் போகாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். "'ச' கூடுது, திரும்ப." "மூச்சு கேக்குது, திரும்ப." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, காலைத் தரையில் ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பாள். காலை மடக்கக் கூடாது, மடக்கினால் வயிறு அமுங்கி மூச்சு குறையும், நாற்காலியும் கிறீச்சிடும் என்பது அவர் போட்ட சட்டம்.

அவள் ஏன் அங்கே போனாள்? எல்லாம் இவர் பண்ணினதுதான். போன மாதம் ஏசி பழுதாகி அறைக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. நாவலை ஒலிப்புத்தகமாகப் போடும் பதிப்பகத்தம்மா மாதிரிக்கு ஒரு அத்தியாயம் உடனே வேண்டும் என்றாள். "நம்ம சகலை இடம் சும்மாதானே கிடக்கு, அங்க போய்ப் படிச்சுட்டு வா" என்று இவரே அனுப்பி வைத்தார். சகலை, அவர் கொழுந்தியாளின் புருஷன். தொழில் கற்றது இவரிடம்தான். கேபிளில் எது ஆண் முனை, எது பெண் முனை என்று தெரியாமல் வந்தவன், இன்றைக்கு நாலு தெரு தள்ளித் தனி ஸ்டூடியோ போட்டு, வாசலில் பூந்தொட்டியும் வைத்திருக்கிறான். அந்தப் பூந்தொட்டியைப் பார்த்தாலே டெசிபலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாதிரியைக் கேட்ட பதிப்பகத்தம்மா போன் பண்ணினாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மீதிய உங்க இடத்துலயே பண்ணலாம். ஆனா முதல் அத்தியாயத்துல இருக்கற குரல் அப்படியே வரணும். வரலைன்னா, முழுசையும் அங்கயே முடிச்சிடுவோமா?"

முழுசும் என்றால் தலையணை கனத்துக்கு ஒரு நாவல். மாதக்கணக்கில் அவள் காலையில் தலை சீவி, பையை மாட்டிக்கொண்டு, நாலு தெரு தாண்டிப் போவாள். போய் அவன் மைக்கின் முன்னால் அப்படிச் சிரிப்பாள். இதை நினைத்தபோது அவருக்கு வயிறு எரிந்தது. தொழில் பொறாமை என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உள்ளே இருந்தது வேறு என்று அவருக்கே தெரியும்.

"அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க. நாற்காலி வசதியா இருந்துச்சு."

நாற்காலியாம். அவர் நம்பவில்லை. யாராவது நாற்காலியால் குரல் இனிக்கிறது என்று சொல்வார்களா? உட்கார்ந்து கணக்குப் போட்டார். இரண்டு ஸ்டூடியோவிலும் ஒரே மைக், ஒரே நாளில் ஜோடியாக வாங்கியது. சுவரில் ஒரே பஞ்சு, அதை ஒட்டிக் கொடுத்ததே இவர்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. சகலையிடம் ஒரு கிராஃபிக் ஈக்வலைசர் இருக்கிறது. குரலின் அடிக்கனம், நடுப்பகுதி, கீச்சு எல்லாவற்றையும் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு ஸ்லைடர் வைத்த கறுப்புப் பெட்டி. ஏற்றினால் அந்தப் பகுதி தூக்கும், இறக்கினால் அடங்கும். அதுதான் சங்கதி, வேறென்ன?

கேபிள் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மறுநாளே போனார். "வாங்கண்ணே, உக்காருங்க, டீ சொல்றேன்" என்று சகலை படியிறங்கினான். பெட்டியில் பச்சை விளக்குகள் வரிசையாக மின்னின. ஸ்லைடர்கள் இடப்பக்கம் தாழ்ந்து, நடுவில் ஏறி, ஒரு சரிவு இறங்கி, மறுபடி ஏறி நின்றன. அவர் போனைப் பார்க்கிறவர் மாதிரி நின்று சட்டென்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். குருவாக இருந்தவர் சீடன் வீட்டில் திருடுகிறார். டீ வந்தது, குடித்தார், ருசி தெரியவில்லை.

அடுத்தது கடை. பழைய ஸ்டூடியோ சாமான்கள் விற்கும் அந்தம்மாவுக்கு இவரைத் தெரியும்.

"எந்த மாதிரி வேணும்?"

"அவன்கிட்ட இருக்கறதுக்குக் குறையக் கூடாது."

"விலையிலயா, பட்டையிலயா?"

"விலையில குறையணும். பட்டையில குறையக் கூடாது."

"எல்லாருக்கும் அதேதான் வேணும்" என்று அந்தம்மா மூன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். சகலையிடம் இருக்கிற அதே மாடல் ஒன்று. அதன் விலைச்சீட்டைப் பார்த்ததும் பார்க்காதவர் மாதிரி அடுத்ததற்குப் போனார். அது புத்தம் புதுசு, பளபளப்பு, பதினைந்தே பட்டை. ஹெட்போனை மாட்டி, எதையும் ஓடவிடாமல் கேட்டார். பாட்டைப் போட்டுப் பார்த்தால் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான், சும்மா இருக்கும்போது என்ன முனகுகிறது என்று கேட்க வேண்டும். புதுசு புஸ்ஸென்று இரைந்தது. மூன்றாவது ஏதோ மேடைக் கச்சேரிக் குழு விற்றுவிட்டுப் போனது. மூலை நசுங்கியிருந்தது, ஒரு ஸ்லைடருக்குத் தொப்பி இல்லை. முப்பத்தொரு பட்டை. ஒவ்வொன்றையும் மேலும் கீழும் தேய்த்து, கரகரப்பு வருகிறதா என்று கண்ணை மூடிக் கேட்டார். இரண்டுதான் கரகரத்தன. சுத்தம் செய்தால் போய்விடும்.

"ஒண்ணும் ஓடாததயே இவ்ளோ நேரம் கேக்கற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றாள் அந்தம்மா. பேரம் பேசி நசுங்கினதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்த விலைக்கு அது நல்ல சாமான்.

ஸ்டூடியோவில் மாட்டி, போனில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து ஸ்லைடர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். பள்ளம், மேடு, சரிவு, மேடு. மனைவியை உட்காரவைத்து அதே வரியைப் படிக்கச் சொன்னார். 'சாவியைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு.' அடடா, இதுதான், இதேதான் என்று முதலில் தோன்றியது. காசு கொடுத்து வாங்கியவனுக்கு அப்படித்தான் தோன்றும். அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்தாள்.

"குடத்துக்குள்ள தலைய விட்டுப் பேசற மாதிரி இருக்குங்க."

"நீ நல்லாப் படிக்கல. அங்க படிச்ச மாதிரி படி."

"எப்படிப் படிச்சேன்னு எனக்கு ஞாபகமில்ல."

ஞாபகமில்லையாம்! திரும்பப் படித்தாள். திரும்ப, திரும்ப. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அவள் வேண்டுமென்றே சிரித்தபோது அவருக்கே பார்க்கப் பரிதாபமாக இருந்தது. பதிப்பகத்தம்மா கேட்டுவிட்டு, நாளைக்குள் முடிவு சொல்லச் சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்துக்குப் புதுப் பெட்டியே வாங்கிப் போட்டாயிற்று, கோணல் போகவில்லை.

வெட்கத்தை விட்டு மறுபடி நாலு தெரு நடந்தார். இந்தத் தடவை சாக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த ஈக்வலைசர்ல என்ன வெச்சிருக்க? அப்படியே வெச்சுப் பாத்தேன், வரல."

சகலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியதும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டான். "அண்ணே, அது ஓடவே இல்லியே. பைபாஸ்ல கிடக்கு. வாங்குனதுலேர்ந்து ஒரு பக்கம் கரகரன்னுது, ரிப்பேருக்குக் குடுக்க நேரமில்ல. பார்ட்டிங்க வந்தா லைட்டு எரியறதப் பாத்து ஒரு நம்பிக்கை வரும், அதுக்கு வெச்சிருக்கேன்."

பைபாஸ். சத்தம் அந்தப் பெட்டிக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகிற வழி. ஸ்லைடரைத் தலைகீழாக நிறுத்தினாலும் ஒரு மண்ணும் மாறாது. எதைத் தொடுவதற்கு முன்னாலும் முதலில் பைபாஸைப் பார் என்று இதே சகலையின் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஓரத்தில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் எடுத்த படத்திலும் அது இருக்கும். மேடு பள்ளத்தைப் பார்த்தவர் விளக்கைப் பார்க்கவில்லை.

"அப்ப ஸ்லைடரெல்லாம் ஏறி இறங்கி நிக்குதே?"

"எம் பொண்ணுண்ணே. இங்க வந்தா அதுல மலை வரைவா."

டெசிபல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "சரி. உங்க அக்கா குரலுக்கு நீ என்னதான் பண்ணின?"

"நானா? ஒண்ணும் பண்ணலியே. ரெக்கார்ட அமுக்கிட்டுக் கீழ போயிட்டேன், ஒரு பார்ட்டி வந்திருந்தாரு. திரும்பி வந்தா, அக்கா முடிச்சிட்டுச் செருப்பத் தேடிட்டிருக்காங்க."

"செருப்பையா?"

"நாற்காலியில சம்மணம் போட்டு உக்காந்துதான் படிச்சிருக்காங்க. ஒத்தச் செருப்பு மேஜைக்கு அடியில போயிருச்சு."

வரும் வழியெல்லாம் அவருக்கு ஆத்திரம் ஆறவில்லை. யார்மேல் ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை. சகலை அங்கே இருந்திருந்தால்கூடத் தேவலை. அவன் முகத்தை நினைத்து வயிறெரியலாம், பூந்தொட்டியை எட்டி உதைக்கலாம். ஆளில்லாத அறையோடு போய் யாராவது மல்லுக்கட்ட முடியுமா? அந்தச் சிரிப்பை அவள் யாருக்காகவும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை ரொம்பச் சுட்டது.

ஸ்டூடியோவில் அவள் தாள்களோடு தயாராக நின்றாள். வளையலைக் கழற்றப் போனவளிடம், "இருக்கட்டும், கழட்ட வேணாம்" என்றார். பெட்டியில் பைபாஸை அழுத்தினார். ரெக்கார்டை அழுத்தினார்.

"நீ படி. எனக்கு வெளிய வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"இருக்கு."

"தப்பு வந்தா யாரு நிறுத்துவா?"

இதை அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். "வந்தா வந்துட்டுப் போகுது" என்றார். காய்ச்சல்காரனைப் பார்ப்பது மாதிரி அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். கதவுக்கு மேலே, பதிவு நடக்கிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. காதைக் கதவில் வைத்துப் பார்த்தார். ஊசி முனை அளவுகூடச் சத்தம் கசியவில்லை. கசியாதபடி பஞ்சும் பலகையும் வைத்து அடைத்தவர் அவரேதான். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் இரண்டு கண்ணாடி தாண்டி அவள் தெரிந்தாள். நிமிர்ந்து, காலை ஊன்றி, எப்போதும் போல. கண் மட்டும் ஒருமுறை அவருடைய காலி நாற்காலிக்குப் போய் வந்தது. அடுத்த தாளைப் புரட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் செருப்பை விட்டு மேலே வந்தது, பிறகு இன்னொன்று. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் சம்மணம் போட்டாள். உதடுகள் அசைந்தன. எந்த வரியோ, தோள் லேசாகக் குலுங்கியது.

அவர் சட்டென்று கண்ணாடியை விட்டு விலகி, அவள் கண்ணில் படாதபடி சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டார்.