ட்ரெபிள் பத்து

ஜேசுதாஸும் நானும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. காரணம் எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், நடந்த சபைக் கமிட்டித் தேர்தல். எங்கள் ஊரான கொட்டாரம் பக்கம் சட்டசபைத் தேர்தலில் தோற்றவன் மறுநாளே டீக்கடையில் சிரித்துக்கொண்டு நிற்பான். சபைத் தேர்தலில் தோற்றவன் அப்படி இல்லை, ஜெயித்தவன் வீட்டு விசேஷத்துக்கே போகமாட்டான். நான் தோற்றவன், ஜேசுதாஸ் ஜெயித்தவன். அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பிரியாணி நன்றாக இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சபையின் பாடகர் குழுவில் அவன் கீபோர்டு, நான் கிட்டார். ஞாயிறுதோறும் மூன்றடி இடைவெளியில் உட்கார வேண்டும். என்ன சொல்வதானாலும் குழுவை நடத்துகிற சத்தியபாய் டீச்சர் வழியாகத்தான்.

“டீச்சர், ஜான்ரோஸிட்ட சொல்லுங்க, பல்லவிய ரெண்டு தடவ எடுக்கணும்னு” என்பான் ஜேசுதாஸ்.

“சரின்னு சொல்லுங்க டீச்சர்” என்பேன் நான்.

டீச்சர் பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, “ஒங்க ரெண்டு பேருக்கும் எடையில எனக்க கழுத்தாக்கும் தேயுது” என்பார்.

நான் குவைத்தில் இருபத்திரண்டு வருடம் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்தவன். அங்கே வாங்கியதுதான் கிட்டார் சத்தத்தைக் கூட்டித் தருகிற என் ஆம்ப். வீட்டில் வாசித்துப் பழகுவதற்கென்று விற்கிற சின்னப் பெட்டி. முன்னால் ஒரு மைக்கை வைத்தால் கோயில் முழுக்கக் கேட்கும். முகப்பில் ஐந்து குமிழ்கள்: கெயின், பேஸ், மிடில், ட்ரெபிள், வால்யூம். கெயின் மீன் குழம்புக்குப் புளி மாதிரி, கொஞ்சம் கூடிவிட்டால் வேறெதுவும் நாக்கில் தெரியாது. பேஸ் அடித்தொண்டை, ட்ரெபிள் சத்தத்தின் கூர்மை. குவைத் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, ஊருக்குப் போய்க் கோயிலில் வாசிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் இவற்றைத் திருகித் திருகிப் படித்தேன். வீடு கட்டியாயிற்று, மகள் ஸ்மைலினும் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தவனுக்கு ஊரில் இருக்கிற இடம் என்று நான் நினைத்தது பாடகர் குழுவில் அந்த ஒரு நாற்காலியைத்தான். அதை யாரோ உருவப் பார்க்கிறார்கள் என்று பட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல், அதை மறைப்பானேன்.

நடந்தது இதுதான். ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்னால் போய்க் கம்பிகளைச் சுருதி சேர்த்து, ஆம்பைப் போட்டு, குமிழ்களை வைப்பேன். வீட்டில் வைக்கிற அதே அளவு. கெயின் நாலு, பேஸ் ரெண்டு, மிடில் அஞ்சு, ட்ரெபிள் பத்து. பிறகு கிட்டாரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். பாடகர் குழு போதகருக்கு முன்னால் வரிசையாகப் பாடிக்கொண்டே உள்ளே வருவது எங்கள் வழக்கம். கீபோர்டுக்காரன் மட்டும் அந்த வரிசையில் வர முடியாது. அவன் முன்னாலேயே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நான் உள்ளே வந்து கிட்டாரை எடுத்தால் வீட்டில் கேட்கிற தெளிவு இருக்காது, மழுங்கலாகக் கேட்கும். சனம் நிறைந்த கட்டடம் சத்தத்தைக் குடித்துவிடுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் புதுக் கண்ணாடி போட்டேன். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஒயரைச் சுருட்டக் குனிந்தால், ட்ரெபிள் நாலில் இருக்கிறது. பேஸ் ஆறில். அடுத்த ஞாயிறும் அப்படியே. வரிசை உள்ளே வரும் நேரத்தில் ஆம்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஆள் யார்? இதைக் கண்டுபிடிக்கப் போலீஸா வர வேண்டும்? என் வாசிப்பைக் கெடுத்து, கிட்டார் சரியில்லை என்று கமிட்டியில் சொல்லி, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முன்னால் என்னை எழுப்பிவிடத் திட்டம். மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, மாலையில் ஒத்திகை. தோவாளையிலிருந்து பூ வந்து இறங்கி, ராஜமணி அக்காவும் சில பெண்களும் கீழே உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டைத் தொடங்கும் முன்பே நான் எழுந்துவிட்டேன்.

“டீச்சர், அந்த ஆளிட்ட கேளுங்க, எனக்க ஆம்புல கை வைக்க யாரு அதிகாரம் குடுத்தான்னு.”

டீச்சர் கழுத்தைத் திருப்பவில்லை. தரையைப் பார்த்தார்.

“நாந்தான் திருப்பினேன்னு சொல்லுங்க டீச்சர்” என்றான் ஜேசுதாஸ்.

“செய்யதயும் செஞ்சிட்டு சொல்லுகதப் பாரு! அதுவும் கோயில்ல இருந்துக்கிட்டு!” நான் போட்ட சத்தத்தில் பூக்கட்டியவர்கள் நிமிர்ந்தார்கள். “இன்னைக்கு எனக்க அளவுலதான் வாசிப்பேன். எவன் தடுக்கான்னு பாப்போம்.”

ஒத்திகைகளில் வழக்கமாகப் போடாத ஆம்பைப் போட்டேன். வால்யூமை ஏற்றினேன். ட்ரெபிளைப் பத்து வரைக்கும் முறுக்கினேன்.

கிட்டாரை நான் இன்னும் தொடவில்லை. அதற்குள் முன்வரிசையில் பாடுகிற அஜிதா, காலேஜில் படிக்கிற பெண், சட்டென்று இரண்டு காதையும் பொத்தினாள். ராஜமணி அக்கா முகத்தைச் சுளித்தார்.

“நான் இன்னும் தொடங்கவே இல்லியே. எதுக்கு மக்களே காதப் பொத்துக?” என்று அவளிடம் கேட்டேன்.

அவள் ஜேசுதாஸைப் பார்த்தாள். ஜேசுதாஸ் என்னைப் பார்த்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக நேராக என்னிடம் பேசினான்.

“ஜான்ரோஸே, அந்த இரைச்சல் ஒனக்குக் கேக்குதா?”

“எந்த இரைச்சல்?”

“ஸ்ஸுனு வருதுல்லா. குக்கர் ஆவி விடுகது மாதிரி.”

நான் குனிந்து பெட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. இன்னும் நெருங்கி ஸ்பீக்கர் துணியிலேயே காதை வைத்தேன். மின்விசிறி சுற்றுவது கேட்டது. ரோட்டில் பஸ் போவது கேட்டது. பதினாலு பேர் கேட்டுக்கொண்டிருந்த அந்த இரைச்சல் மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

ஜேசுதாஸ் எட்டி ட்ரெபிளை நாலுக்குக் குறைத்தான். அஜிதா கையைக் கீழே இறக்கினாள். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஜெனரேட்டர் அறையில் காதுக்கு வைக்கத் தந்த ரப்பர் அடைப்பானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். அதை வைத்தால் பாட்டு முணுமுணுக்க முடியாது என்பது அப்போது என் நியாயம். அதில் என் காதுக்குக் கூர்மையான சத்தங்கள் மட்டும் கேட்காமல் போயிருக்கின்றன. ஆள் பேசுவது கேட்கிறது, தாழ்ந்த சுரம் கேட்கிறது, அதனால் போனது எனக்கே தெரியவில்லை. என் காதில் இல்லாமல் போனதை நான் ட்ரெபிளைக் கூட்டிக் கூட்டித் தேடியிருக்கிறேன். மற்றவர்கள் காது புண்ணாகியிருக்கிறது.

டீச்சர்தான் மிச்சத்தைச் சொன்னார். “தேர்தல் முடிஞ்ச மொதல் கூட்டத்துலயே கிட்டார நிறுத்தணும்னு நாலு பேரு எழுதிக் குடுத்தாவ. இவராக்கும் எந்திச்சு, கிட்டார் போனா கீபோர்டும் போவும்னு சொன்னது. சத்தத்த நான் பாத்துக்கிடுகேன், அவனிட்ட யாரும் சொல்லப்பிடாதுன்னு எங்க எல்லாரிட்டயும் வாக்கு வாங்கினாரு.”

“ஏம்லே எங்கிட்ட சொல்லல?” என்று ஜேசுதாஸிடம் கேட்டேன். டீச்சர் வழியாகக் கேட்க மறந்துவிட்டது.

“நீ எங்கூடப் பேசுனியா?” என்றான். பிறகு குரலை இறக்கினான். “பேசியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னா நீ கிட்டாரக் கொண்டு கட்டிலுக்கு அடியில தள்ளிருவ. ஒனக்க கோவம் எனக்குத் தெரியாதா மக்கா.”

அது உண்மை. அப்படித்தான் செய்திருப்பேன்.

“வரிச உள்ள வார நேரத்துல வலது கை பாட்டுக்கு, இடது கை ஒனக்கு. கீர்த்தனைக்கு ட்ரெபிள் நாலு போதும். வேகப் பாட்டுன்னா அஞ்சு. மழ பெஞ்சா மட்டும் ஆறு வப்பேன். கூரத் தகரம் எரையுமுல்லா, நாலுல வச்சா ஒனக்க கிட்டார் ஆருக்கும் கேக்காது.”

அதுவரை தாங்கிக்கொண்டேன். மழைக்கு என்று தனியாக ஒரு அளவு வைத்திருக்கிறான் என்றதும் முடியவில்லை. பூக்கட்டுகிறவர்கள் பார்க்க, ஐம்பத்தாறு வயதில், அழுதேன். இவன் மகள் கல்யாணத்துக்குப் போகாதவன் நான். அந்த வாரமும் இவன் கை என் குமிழைத் திருப்பியிருக்கும்.

மறுநாள் ஸ்தோத்திரப் பண்டிகை. பீடத்துக்கு முன்னால் வாழைக்குலையும் தேங்காயும் நெல் மூட்டையும் குவிந்திருந்தன. நான் சுருதி சேர்த்துவிட்டு, ஐந்து குமிழையும் பூஜ்யத்தில் வைத்தேன். “நீ வச்சுக்க” என்று அவனிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். வரிசையில் பாடிக்கொண்டு வரும்போது, புதுக் கண்ணாடி புண்ணியத்தில், அவன் இடது கை கீபோர்டை விட்டு இறங்கி ஆம்புக்குப் போவது நன்றாகத் தெரிந்தது. வலது கை நிற்கவே இல்லை.

நடுவில் ஸ்தோத்திரக் காணிக்கை. அவரவர் கவரின் மேல் எதற்காக நன்றி என்று எழுதிப் போடுவார்கள், போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஜேசுதாஸ் பின்னணியில் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தான். பரீட்சையில் பாஸான மகனுக்காக. சுகப்பிரசவத்துக்காக. புதுவீட்டுக்காக. பிறகு போதகர் ஒரு கவரை எடுத்து, ஒருமுறை மனதுக்குள் வாசித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“ஜான்ரோஸ் குடும்பத்தார். மூன்று வருடமாக எனக்குத் தெரியாமல் என் ட்ரெபிளைக் குறைத்து வைத்த என் நண்பன் ஜேசுதாஸுக்காக.”

சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடகர் குழுவில் மட்டும் சிரிப்பு ஓடியது, டீச்சர் சேலை முனையால் கண்ணைத் துடைத்தார். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் மறுபடியும் அழுதுவிடுவேன் என்று பயம். அப்போது, முப்பது வருடமாக ஒரு சுரம் தவறாத ஜேசுதாஸின் இடது கை, கீழ்ப்பக்கம் எங்கோ தப்பான கட்டையில் அழுத்தமாக விழுந்தது.

அது எனக்கு நன்றாகவே கேட்டது.