ஹையில் வைத்த கோழி

குவைத்திலிருந்து அந்தப் பானை வந்து இறங்கிய நாளிலிருந்தே சிங்காரத்துக்கு அதைக் கண்டால் ஆகவில்லை. பேர் ஸ்லோ குக்கராம். அடுப்பு வேண்டாம், கிளற வேண்டாம், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். முழுக்கோழியை உள்ளே உட்கார வைத்து, கண்ணாடி மூடியைப் போட்டு, பிளக்கைச் சொருகிவிட்டு ஊர் சுற்றப் போகலாம் என்று அதை அனுப்பிவைத்த மைத்துனி கோமளா போனில் சொன்னாள். அந்த ‘ஊர் சுற்றப் போகலாம்’தான் சிங்காரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விசில் அடிக்காத குக்கரு இன்னாமே குக்கரு? வெந்துச்சா இல்லியான்னு அதுவா வந்து உன் காதுல சொல்லுமா?” என்றான் பெண்டாட்டியிடம்.

“உன் தட்டுல கோழி விழுந்தா சரிதானேய்யா? விசில் அடிச்சா இன்னா, அடிக்காட்டி இன்னா?” என்றாள் இளவரசி.

சண்டை உண்மையில் கோழிக்காக இல்லை. பக்கத்து வீட்டு ஆர்த்தியிடம் ஒரு ஸ்கூட்டி இருந்தது. இளவரசிக்கு ஓட்டக் கற்றுத்தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் கம்பெனி வேலைக்குப் போகிற ஆர்த்திக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஒழியும். இளவரசிக்கோ அந்தக் காலைதான் ஒழியாது. தோணிரேவுக் குப்பத்தில் வாரம் முழுக்க மீன் தின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கு நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் சிங்காரம். குழம்பு தனி, வறுவல் தனி, மிளகு ரசம் தனி. எல்லாம் இறக்கி நிமிரும்போது மத்தியானம் ஆகிவிடும்.

ஏன் அவள் வண்டி ஓட்டக்கூடாது என்று கேட்டால், ரோடு சரியில்லை, லாரிக்காரன் கண்மண் தெரியாமல் வருகிறான் என்று ஆயிரம் சொல்வான். ஆனால் விஷயம் வேறு. கல்யாணமான நாளிலிருந்து அவனுடைய மொபட்டின் பின்சீட்டில், அவன் தோளில் கை வைத்து உட்கார்ந்து வருகிறவள் அவள். சந்தைக்கும் சரி, சினிமாவுக்கும் சரி. அவளுக்கென்று ஒரு வண்டி வந்துவிட்டால் அந்தச் சீட்டு காலியாகப் போகுமே என்பதுதான் அவன் கவலை. இவ்வளவு பெரிய ஆம்பளை இதைப் போய் வெளியில் சொல்ல முடியுமா? அதனால் பானையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது. சனிக்கிழமை சாயங்காலம், ஆர்த்தியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு இளவரசி சொன்னாள்: “நாளைக்கு நான் வெச்சுட்டுப் போய்டுவேன். மத்தியானம் வந்து பாக்கும்போது வேகாம இருந்தா, ஸ்கூட்டிப் பேச்சையே எடுக்க மாட்டேன். வெந்திருந்தா, இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் உன் பாடு. நடுவுல யாரும் அதத் தொடக்கூடாது.”

“பாடுன்னா பாடு” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டான் சிங்காரம். பழவேற்காட்டு ஏரிக்காரன் வாயில் அது சும்மா வருகிற வார்த்தை இல்லை. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி எடுக்கிற முறைக்குத்தான் அங்கே பாடு என்று பேர். விழுந்தால் விழுந்ததுதான். கூடப் பிறந்தவன் கெஞ்சினாலும் மாற்ற மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இளவரசி முழுக்கோழி ஒன்றை வாங்கி வந்தாள். “வெட்டாமயா? சாமிக்கா?” என்று கடைக்காரர் கேட்டாராம். கோழிக்கு உள்ளும் புறமும் இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், மிளகு, உப்பு எல்லாம் தடவி, வயிற்றுக்குள் கறிவேப்பிலையைத் திணித்தாள். பானையின் அடியில் வெங்காயத்தைப் பரப்பி அதன்மேல் கோழியை உட்கார வைத்தாள். தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை. “லோல போட்டு மறந்துடு” என்று கோமளா சொன்னபடி குமிழை லோவில் திருப்பிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு ஆர்த்தியோடு கிளம்பிவிட்டாள்.

வீடு அமைதியானது. சிங்காரம் பானைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ஒரு சத்தம் இல்லை, ஒரு ஆவி இல்லை. நல்லது, வேகாது என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தான். கொஞ்ச நேரம் போனதும் மூடியில் லேசாக வியர்த்தது. அவனுக்கும் வியர்த்தது. சுவிட்சை அணைத்துவிடலாமா? வந்ததும் கண்டுபிடித்துவிடுவாள். பானையைக் கீழே தள்ளிவிட்டுப் பூனை மேல் பழி போடலாமா? இத்தனை கனமான பானையைத் தள்ள, பூனை குடும்பத்தோடு வர வேண்டும்.

அப்போதுதான் அந்தக் குமிழ் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் லோ. இன்னொரு பக்கம் ஹை. எட்டாவது வரை படித்த இங்கிலீஷுக்கு அது போதும்.

அந்தத் தெருவில் லோ, ஹை என்றால் கரண்டுதான், வேறு அர்த்தமே கிடையாது. லோ வந்தால் ஃபேன் ஆடி அசைந்து சுற்றும், பல்பு அழும். ஹை வந்தால் சாமான் போச்சு. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி ஹை வோல்டேஜ் வந்து தெருவில் பாதி டிவி வாயைப் பிளந்தது. சிங்காரத்தின் டிவி, மேட்ச் முடியப் போகிற நேரத்தில் புகை விட்டு அடங்கியது. அதற்காக யார் யாரைக் கேட்க முடிந்தது? ஹை வந்தது, வெடித்தது, அவ்வளவுதான்.

சிங்காரத்தின் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் பரவியது. குமிழை ஹைக்குத் திருப்பினால் கம்பத்திலிருந்து ஹை வோல்டேஜ் நேராகப் பானைக்குள் இறங்கும். பானை புட்டுக்கும். பழி கரண்டின் மேல். தன்னை ஒரு விஞ்ஞானியாகவே நினைத்துக்கொண்டான்.

ஆனாலும் முன்ஜாக்கிரதைக்காரன். புதுசாய் வாங்கிய டிவியின் பிளக்கைப் பிடுங்கினான். ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினான். போன் சார்ஜரைக்கூட விடவில்லை. ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, மரக்கரண்டிக் காம்பால் எட்ட நின்று குமிழை ஹைக்குத் தள்ளிவிட்டு, வாசல் வழியாக ஒரே ஓட்டம். தெருவில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் உட்கார்ந்து, வலையைத் தைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதை மட்டும் வீட்டுக்குள் வைத்திருந்தான்.

வெடிக்கவில்லை. ரொம்ப நேரமாகியும் வெடிக்கவில்லை. அதற்குப் பதிலாக வாசனை வந்தது.

முதலில் வெங்காயம். அப்புறம் மிளகு. அப்புறம் கோழி தன் கொழுப்பிலேயே தான் வேகிற அந்த வாசனை. அது தெருவைத் தாண்டி வந்து அவன் மூக்கில் ஏறியதும் சிங்காரத்தின் கட்சி மாறிவிட்டது. ஐயோ, வெடித்துவிடப் போகிறதே, கோழி வீணாகிவிடுமே என்று பதற ஆரம்பித்தான். ஏரிக்கரை அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைப்பதாகக்கூட வேண்டிக்கொண்டான்.

மெதுவாக உள்ளே போனான். பானை தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. செருப்புக் காலோடு, துணியைப் பிடித்து மூடியைத் தூக்கினான். வெந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் றெக்கையைத் தொட்டான். அவன் தாய்மேல் சத்தியமாக இழுக்கவில்லை. அது தானாகவே கழன்று கையோடு வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி ஒட்டவா முடியும்? தின்றுவிட்டான். எலும்புகூட மிஞ்சவில்லை, அத்தனை பதம்.

மத்தியானம் இளவரசி வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, முகத்தில் சிரிப்பு. பின்னாலேயே சாட்சி ஆர்த்தியும் வந்தாள். நடுவீட்டில் பானையை இறக்கி மூடியைத் திறந்ததும் இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள்.

“வெந்துட்டுக்கீதுக்கா!” என்று கூவினாள் ஆர்த்தி. “ஆனா இன்னாக்கா இது, ஒரு பக்கம் றெக்கையக் காணும்?”

குழம்புக் கோழியில் ரெண்டு துண்டு குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? முழுக்கோழி அப்படி இல்லை. ஒற்றை றெக்கையோடு உட்கார்ந்து சிங்காரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்றான் சிங்காரம். “நீ பாத்து வாங்கியிருக்கணும்மே.”

இளவரசி வெற்றிச் செய்தியைச் சொல்லக் கோமளாவுக்கு வீடியோ போட்டு, பானையைக் காட்டினாள்.

“இன்னாக்கா, இதுக்குள்ள வெந்துடுச்சா?” என்று ஆச்சரியப்பட்டாள் கோமளா. “லோல வெச்சா பொழுது சாயணுமே. சொல்றதுக்குள்ள அன்னிக்கு லைன் கட்டாயிடுச்சு. ஹைல வெச்சாத்தான் மத்தியானத்துக்கு ஆவும். ஹோ, ஹைலதான் கீது! செம மூளைக்கா உனுக்கு. கரெக்டா வெச்சிக்கீற!”

சிங்காரத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. வெக்கையில் உட்கார்ந்து பயந்து செத்தவன் இவன், பேர் வாங்குகிறவள் அவளா?

“அவ எங்க வெச்சா? அவ லோலதான் வெச்சா! ஹைல வெச்சது நான்!” என்று மார்பைத் தட்டிக்கொண்டான்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. போனுக்குள் கோமளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாத்துக்குய்யா வெச்ச?” என்றாள் இளவரசி, ரொம்ப மெதுவாக.

“சீக்கிரம் வேகட்டும்னுதான். நீ ஜெயிக்கணும்னுதான்மே.”

“அப்ப ஃப்ரிட்ஜுக்குக் கீழ எப்படித் தண்ணி குளம் கட்டிக்கினு கீது? பிளக்க இன்னாத்துக்குப் புடுங்குன? டிவியையும்ல புடுங்கிப் போட்டுக்கீற?”

சிங்காரம் பிளக்கைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு துணிந்து கடைசி வலையை வீசினான். “யாரும் தொடக்கூடாதுன்னுதானே பேச்சு? தொட்டாச்சு. பந்தயம் செல்லாது.”

இளவரசி ஆர்த்தி பக்கம் திரும்பினாள். “அடுத்தவன் பாடு நாள்ல ஒருத்தன் திருட்டுத்தனமா வலை கட்டிட்டா, ஊர்க் கூட்டத்துல இன்னா தீர்ப்புடி சொல்லுவாங்க?”

“வலையில வுழுந்த மீனெல்லாம் பாடு யாருதோ அவனுக்குத்தான்க்கா. போன மாசம்கூட சிங்காரண்ணாதானே எழுந்து நின்னு கத்துனாரு.”

கத்தியது உண்மை. அன்றைக்கு ஊரே அவனுக்குத் தலையாட்டியது. அந்தத் தீர்ப்பை இப்போது தப்பு என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.

“அப்ப சரி” என்றாள் இளவரசி. “வேக வெச்சது நீ, ஜெயிச்சது நான்.”

கோழியின் ரெண்டு காலும் அவள் தட்டுக்கும் ஆர்த்தி தட்டுக்கும் போயின. சிங்காரத்தின் தட்டில் கழுத்து விழுந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அடக்கிக்கொண்டு குனிந்து சாப்பிட்டான்.

“உப்பு ஒரைப்பு எல்லாம் சரியாக்கீதா?” என்று கேட்டான், சமைத்தவன் கேட்கிற மாதிரியே.

“நல்லாத்தான் கீது” என்றாள் இளவரசி. “அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு றெக்கையோட வையி.”