சட்டமன்றமா, பேரவையா?

வானொலி நிலையத்துச் செய்திப் பிரிவில் அவளுக்கு 'அகராதி' என்று பட்டப்பெயர். ஒரு சொல் பிசகினாலும் விடமாட்டாள். அதோடு, கொஞ்சம் அகராதி பிடித்தவளும்கூட. இருபது வருஷமாக நண்பகல் செய்தி அவள் குரலில்தான் வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் செய்திக்குப் பதினோரு நிமிஷம் இருக்கும்போது தாள் கைக்கு வந்தது. 'சட்டமன்றம் கலைக்கப்பட்டது' என்று செய்தி ஆசிரியர் தன் கைப்படவே எழுதியிருந்தார். பின்னால் அதிபரின் ஆணை நகல். பழக்கதோஷம், அதையும் படித்தாள். 'பேரவை கலைக்கப்படுகிறது' என்றுதான் அதில் இருந்தது.

இரண்டையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தாள். பேரவையும் மேலவையும் சேர்ந்ததுதான் சட்டமன்றம். தெருவில் பேசுகிறவர்களுக்கு எல்லாமே 'சபை'தான், அதில் தப்பில்லை. ஆனால் இன்னும் ஒரு மணி நேரத்தில் மேலவை கூடுகிறது. அவசரநிலையை நீட்டிக்கும் தீர்மானம் அங்கே தோற்றுப்போகும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

தாளோடு ஆசிரியர் அறைக்கு ஓடினாள்.

"சார், ஆணையில பேரவைன்னு இருக்கு. நீங்க சட்டமன்றம்னு போட்டிருக்கீங்க."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. இதுதான் ஜனங்களுக்குப் புரியும்." அவர் நிமிரவில்லை.

"ஒண்ணு இல்ல சார். மேலவைன்னு ஒண்ணு இருக்கே!"

"எனக்குத் தெரியாதா?" குரல் உயர்ந்து, உடனே தாழ்ந்தது. "இப்படித்தான் வாசிக்கணும்னு மேலிடத்துல இருந்து போன். நானும் பிள்ளைகுட்டிக்காரன். புரிஞ்சுக்கோ."

இடத்துக்குத் திரும்பினால், கைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. அக்காவின் கணவர். மேலவை வாசல் காவலர்களுக்கு அவர்தான் தலைவர்.

"இங்க ஒரு ராணுவ அதிகாரி வந்து நிக்கிறார். சட்டமன்றம் கலைஞ்சதுன்னு ரேடியோவுல வந்ததும் கேட்டைப் பூட்டணுமாம். எழுத்துல குடுங்கன்னா, ரேடியோ சொன்னா போதாதாங்கறார். உறுப்பினர்கள் இப்பதான் ஒவ்வொருத்தரா வர்றாங்க. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"அத்தான், செய்தியை ஒரு சொல் விடாம கேளுங்க. அதுக்கு முன்னாடி பூட்டிடாதீங்க." மேற்கொண்டு பேசப் பயந்து வைத்துவிட்டாள்.

ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆணை நகலை முன்னால் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆசிரியர் நின்றார்.

"வணக்கம். அதிபரின் ஆணைப்படி, பேரவை கலைக்கப்பட்டது."

ஆசிரியரின் முகம் வெளிறியது. இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானுக்கு மேல் அவர் கை போய் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அடுத்ததையும் சொன்னாள்.

"மேலவை பற்றி ஆணையில் எதுவும் இல்லை."

கை இறங்கவில்லை. மெல்லப் பின்வாங்கியது. அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அவள் மழைச் செய்திக்குப் போனாள்.

மேலவை வாசலில் அதிகாரி கத்தியிருக்கிறார். "மேலவைன்னு வரலையே சார்? வரட்டும், நானே பூட்டுறேன்" என்று அத்தான் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாராம். அதற்குள் பாதிப்பேர் உள்ளே போய்விட்டார்கள். மீதிப்பேர் அதிகாரியை இடித்துக்கொண்டே போனார்கள். மூன்று மணிக்குத் தீர்மானம் தோற்றது.

அதற்கு முன்பே அவளை விசாரணைக்கு அழைத்துப்போய்விட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு பேர், ஒரே கேள்வி.

"யார் சொல்லி மாத்தின?"

"நான் மாத்தல. ஆணையில இருந்ததை வாசிச்சேன்."

நாலு நாளும் இதையேதான் சொன்னாள். ஐந்தாம் நாள், அவசரநிலை முடிந்துவிட்டது என்று நீதிமன்றம் சொன்னதும் வெளியே விட்டார்கள். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு திட்டினாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?"

"சும்மா இருந்திருந்தா அத்தான் பூட்டியிருப்பாரு" என்றாள் அவள்.