நினியன் வாங்கிய சத்தியம்

குழந்தைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. பிறந்து ஒன்பது நாள், இன்னும் பேர் இல்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னால் பேரை வாய்விட்டுச் சொன்னால் பிள்ளை தங்காது என்பது ஏர்ஷயர் மலைப்பக்கத்தில் எல்லாருக்கும் உள்ள பயம். தாய் கிரிசல் தான் நினைத்துவைத்த பேரை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். பேரில்லாமல் செத்தால் கல்லறைச் சுவருக்கு வெளியேதான் இடம்.

அவள் புருஷன் நினியன் புதிய போதகரின் காலில் விழாத குறை. அவர் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் முடிந்து, சபை முன்னால்தான் ஞானஸ்நானம். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றுவது பிரிலேட்டிஸ்ட் வேலையாம். அன்றைக்குச் செவ்வாய்.

அந்த வார்த்தை நினியனை அறைந்தது. போன கிறிஸ்துமஸில் அதைத் தொண்டை கிழியக் கத்தியவனே அவன்தானே! பிஷப்பே வேண்டாம் என்ற கும்பலோடு போய், பிஷப் அனுப்பிய பழைய குரு, கிழவர் கில்பர்ட்டைப் பனியில் இழுத்துவந்து, அங்கியைக் கிழித்து, இனி இந்தப் பங்குச்சபையின் எல்லைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று வேதத்தின்மேல் சத்தியம் வாங்கியவனும் அவனே. அன்றைக்கு, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா என்று கிழவர் கேட்டார். ஒருத்தனுக்கும் தெரியவில்லை. லத்தீனில் பிஷப்பை 'முன்னால் நிறுத்தப்பட்டவர்' என்பார்களாம்; அவர் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவனுக்கு இந்தப் பேராம்.

"எனக்கு முன்னால ஒருத்தர் நிக்கிறார்னு ஒத்துக்கிறது அவ்வளவு பெரிய குத்தமாப்பா?" என்றார். முதலில் சிரித்தவன் நினியன், பாவி.

இப்போது அந்தக் கிழவரிடமே ஓடினான். பங்கின் எல்லை ஓடைக்கு அப்பால் ஒரு ஆட்டுக்கொட்டிலில் இருந்தார். மறுபேச்சில்லாமல் கூட வந்தவர், ஓடைக்கரையில் நின்றுவிட்டார்.

"அந்தச் சத்தியத்த நானே விட்டுக்குடுக்கிறேன், வாங்கய்யா."

"வாங்கினது நீ. ஆனா நான் பண்ணது ஒங்கிட்ட இல்லப்பா. சொன்ன சொல் மாறமாட்டேன். பிள்ளையத் தூக்கிட்டு வா."

நினியன் விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினான். பச்சை உடம்புக்காரி கிரிசலும் பின்னாலேயே ஓடிவந்தாள். பாதி வழியில் மார்பில் பட்டுக்கொண்டிருந்த சின்ன மூச்சு நின்றது. நினியன் அவளிடம் சொல்லவில்லை.

எல்லை நடு ஓடையில். பனி உருகிய வெள்ளத்தில் கிழவர் இடுப்பளவு இறங்கி அங்கே காத்திருந்தார். நினியனும் இறங்கினான்.

"பேரு?"

"ஈவன்" என்று கரையிலிருந்து கத்தினாள் கிரிசல். ஒன்பது நாளில் முதல் தடவை.

கிழவர் தண்ணீரை அள்ளினார். குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது. செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது.

"மூச்சு இருக்குங்கய்யா" என்றான் நினியன்.

கிழவர் குழந்தையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார். கரையில் நின்ற தாயைப் பார்த்தார்.

"இருக்கு" என்று அவளுக்குக் கேட்கும்படி சொல்லி, தண்ணீரை ஊற்றினார்.