முப்பது பிராங்க் கட்டு

என் புருஷன் ஹ்வாத்து செருப்புத் தைப்பவர். எலும்பு முறிந்தால் ஜெர்பாத் தீவின் யூதத் தெரு மொத்தமும் அவரிடம்தான் ஓடிவரும். கட்டுப்போடக் காசு வாங்கமாட்டார். "சுகப்படுத்துறது கடவுள் கட்டளை. அவர் சும்மா கொடுத்த அறிவை நான் விக்கலாமா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தட்டான் பிஷி கழுதையிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தான். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். ஆனால் அந்தக் கை சுத்தியலை இறுக்கிப் பிடித்தால்தான் அவன் வீட்டில் ஆறு வயிறு நிறையும். இவர் பேரீச்ச மட்டை வைத்துக் கட்டி, "நாப்பது நாள் தொடாதே" என்றார். ஐந்தாம் நாள் பார்த்தால், கட்டை அவிழ்த்துவிட்டுச் சொறிந்துகொண்டு நிற்கிறான்! மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தான். கை வீங்கிவிட்டது.

"பாவி, கை போயிடும்டா!" என்றேன்.

"அண்ணன் திரும்பக் கட்டிவிடுவாருக்கா. ஓசிதானே?"

விடுவேனா? இரண்டு பேரையும் எங்கள் மதகுரு ரபி ஃப்ராஜியிடம் இழுத்துப் போனேன்.

"அறிவுக்குக் கூலி கேக்கக்கூடாது, சரி," என்றார் ரபி, பிஷியைப் பார்த்து. "ஆனா உனக்குக் கட்டுற நேரம் இவன் செருப்பு தைக்கலியே? அந்த வேலை நட்டத்தை வாங்கலாம். இன்னைக்குக் கட்டப்போறதோட மூணு தடவை. முப்பது பிராங்க் வை. சும்மா பாக்குற வைத்தியனுக்கு மதிப்பும் சும்மாதான்னு பெரியவங்க சொல்லலியா?"

"முப்பதா! கழுதையே அவ்வளவு பெறாதே!" என்று அலறினான் பிஷி. ஆனாலும் கொடுத்தான்.

அதற்கப்புறம் பார்க்கணுமே! "முப்பது பிராங்க் கட்டுடீ, இடிக்காதே!" என்று பெண்டாட்டியைக்கூடப் பக்கத்தில் அண்டவிடவில்லை. என் புருஷனோ மனசு கேட்காமல் ஒருநாள் காசைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். வாசலிலேயே மறித்தேன். "கொடுத்தீங்கன்னா இன்னைக்கே அவுத்துடுவான்!"

நாற்பதாம் நாள் கட்டைப் பிரித்தோம். கை வெளிறி, குச்சியாக இருந்தது.

"விரலை மடக்கு," என்றார் இவர்.

"பயமா இருக்குண்ணே. மடங்கலேன்னா?" அவன் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்திலும் புத்தி போகுமா? "மடங்கலேன்னா என் காசைத் திருப்பித் தரணும்!" என்றான்.

"காசா? அது போன வெள்ளிக்கிழமையே மீனும் குஸ்குஸுமாகி எங்க வயித்துல செரிச்சுப்போச்சு," என்றேன் நான்.

"அடிப்பாவி!" என்று என் மூக்குக்கு நேரே கையை ஓங்கினான்.

ஐந்து விரலும் மடங்கியிருந்தன. கல்லு மாதிரி முஷ்டி.

அவன் அதைப் பார்த்தான். நான் பார்த்தேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் திட்டுடா தம்பி," என்றேன்.