ஜீப்புக்குக் கொலுசு

நர்சம்மா விஜயம் ஜன்னல் வழியாக இறங்கிய அன்றுதான் ஹாஜா மைதீனுக்குத் தன் ஜீப்பின் மேல் முதல் சந்தேகம் வந்தது. ஊருக்கு அந்தச் சந்தேகம் முன்பே உண்டு. அவனிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

தடுப்பூசிப் பெட்டி முதலில் வெளியே வந்தது. அடுத்து செருப்பு. அதற்கடுத்து, நாலு பெண்கள் கைகொடுத்து இழுக்க, விஜயம் வந்தார். முத்துப்பேட்டையிலிருந்து அவரை ஊருக்கு ஏற்றி வருகிற வழியில் இரண்டு பக்கமும் அடிவிளிம்பு கல்லில் மோதி நசுங்கி, இரண்டு கதவும் இறுகிக்கொண்டுவிட்டன. பின்கதவோ கீல் போனதென்று போன வருஷமே தகரம் வைத்து அடிக்கப்பட்டது. அடித்த புத்திசாலி ஹாஜாவேதான்.

விஜயம் புடவையை உதறிக்கொண்டு சொன்னார்: "பாய், அடுத்த புதன்கிழமை நான் கதவைத் திறந்து இறங்கணும். இல்லேன்னா உங்க ஜனங்க முத்துப்பேட்டைக்கு வந்து என்னைப் பாக்கட்டும்."

ஐப்பசி மழையில் நொச்சிக்கோட்டகத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் போவதென்றால் தார் ரோடு வரைக்கும் முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும்; வயிற்றுப் பிள்ளைக்காரியை இந்த ஜீப்பில் குலுக்கிக் கொண்டுபோகவும் முடியாது. ஹாஜாவின் மனைவி கமருன்னிஸாவுக்கு ஏழாம் மாதம். கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. வாரா வாரம் பார்த்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் விஜயம் எச்சரித்திருந்தார். முதல் பிள்ளை வேறு.

டெல்டாவில் ஏது கல் என்று கேட்கலாம். மண்வெட்டிக்கு ஒரு கூழாங்கல் தட்டுப்பட்டால் அதைக் கழுவிக் கும்பிடுகிற பூமிதான் இது. ஆனாலும் ஒரு கல் உண்டு: சர்வே கல்.

ஊருக்குள் வரும் ஒரே வண்டிப்பாதையின் ஒரு பக்கம் துரைராசுவின் வயல், மறுபக்கம் ரெத்தினத்தின் வயல். துரைராசுவின் அப்பா நிலச்சொந்தக்காரர், ரெத்தினத்தின் அப்பா அவருடைய குத்தகைக்காரர். சட்டம் வந்து குத்தகைக்காரனுக்கும் நிலம் என்றானபோது, பாதை யாருக்கு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது. கோட்டையில் ஆட்சி மாறும்போதெல்லாம் இருவரில் ஒருவருக்குத் தைரியம் வரும். மறு அளவை கேட்பார், புதுக் கல் நடுவார்கள். பழைய கல்லைப் பிடுங்க மற்றவர் விடமாட்டார். இப்படியாக இருபது இருபத்தைந்து வருஷத்து அரசியல் வரலாறு அந்தப் பாதையின் இரண்டு ஓரத்திலும் கல் கல்லாக நின்றது. தொண்ணூற்றாறில் மறுபடியும் ஆட்சி மாறியது, இன்னும் இரண்டு கல் கூடியது. வழக்கு முடிகிற வரைக்கும் ஒரு கூடை மண் எடுக்கவோ போடவோ கூடாதென்று கோர்ட்டு சொல்லிவிட்டதால் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஜீப்பின் வயிற்றோரம் கல்லின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

ஹாஜா இருவரிடமும் போய்ப் பார்த்தான்.

"எனக்கென்னப்பா, அவன் கல்லை எடுக்கச் சொல்லு, நானும் எடுக்கறேன்" என்றார் துரைராசு.

"எடுக்கறேன் தம்பி. முதல்ல அவரு எடுக்கட்டும்" என்றார் ரெத்தினம்.

இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை.

பாதையைத் திருத்த முடியாது என்றால் வண்டியைத் திருத்த வேண்டியதுதான். சவூதியில் டிரைவராக இருந்தபோது, மலைப்பக்கம் போகிற வண்டிகளில் ஹாஜா ஒன்றைப் பார்த்திருந்தான். கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் தடித்த இரும்புக்குழாய் ஒன்று ஓடும். பாறையில் வண்டி உட்கார்ந்தாலும் அடி குழாய்க்குத்தான், வண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். பட்டுக்கோட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பஞ்சநதத்திடம் போய் இதை விளக்கினான்.

"பேரு ராக் ஸ்லைடரு, பஞ்சண்ணே."

"ராக்குன்னா?"

"பாறை."

"நம்ம பக்கம் பாறை எங்க பாய் இருக்கு? ரேஷன் அரிசில இருக்கறதைச் சொல்றீங்களா?"

பட்டறையே சிரித்தது. ஹாஜாவும் சிரித்துவிட்டு, மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடுகிற எவர்சில்வர் குழாயைக் காட்டினான். பளபளவென்று இருந்தது. வேறு காரணம் அவனிடம் கிடையாது. பஞ்சநதமும் காரணம் கேட்கவில்லை. டவுன் பஸ்ஸுக்கெல்லாம் படி கட்டிய கை அவருடையது. அந்தப் பழக்கத்தில் இதையும் படி என்றே எடுத்துக்கொண்டு, கதவுக்கு அடியில் இருந்த தகரத்திலேயே அழகாகப் பற்றவைத்துவிட்டார்.

வீட்டு வாசலில் ஜீப் மின்னியது. கமருன்னிஸா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"என்ன மச்சான், வண்டிக்குக் கொலுசு போட்டிருக்கீங்க?"

"காவலுக்குப் போட்டது புள்ளே."

"அதானே, பெத்துக்கப் போறவ கழுத்துல கருகமணிதான் கிடக்கு. வண்டிக்காவது போட்டீங்களே."

காலி வண்டி பள்ளத்தில் அமுங்காமல் வந்துவிட்டதால் குழாய் கல்லைத் தொடவில்லை; தொடும் பாக்கியத்தை அது பெறவும் இல்லை. நம் ஊரில் படி மாதிரி எது தெரிந்தாலும் அதில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் பேச்சு நடக்கும். ஜீப்பைப் பார்க்க வந்த ஏழெட்டுப் பேர் இரண்டு பக்கமும் ஏறி நின்று ஆட்சியைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் இறங்கியபோது தகரமும் கூடவே இறங்கியிருந்தது. இரண்டு கதவும் மறுபடி இறுகின. ஹாஜா உள்ளேதான் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாக வெளியே வருவது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரிந்தது.

திங்கட்கிழமை மறுபடி பட்டறை.

"அண்ணே, இது படி இல்ல. ஆளு ஏறறதுக்கு இல்ல, வண்டியே இதும்மேல ஏறி நிக்கணும்" என்றான் ஹாஜா.

பஞ்சநதம் தரையில் படுத்து ஜீப்புக்கு அடியில் வெகுநேரம் பார்த்தார். "அப்ப முட்டு தகரத்துல இருக்கக் கூடாது பாய். சேஸிஸ்ல, அடிச்சட்டத்துல இருக்கணும். இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"நீங்க முதல்லயே கேட்டிருக்கலாம்."

"சரி விடுங்க, ரெண்டு பேரும் சேந்துதான கெடுத்தோம்."

இந்த முறை குழாயைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தார்கள். தண்ணீர்க் குழாய் மெலிசு, வளையும். சதுரக் குழாய் கல்லில் மாட்டும். மூலையில் போர் போடுகிற வண்டியின் பழைய டிரில் ராடு ஒன்று துருவேறிக் கிடந்தது. பூமியைத் துளைத்த இரும்பு, தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. பெட்ரோல் டாங்கைக் கழற்றி, பேட்டரி ஒயரைப் பிரித்து வைத்துவிட்டு, சேஸிஸில் அகலமான பட்டைத் தகடு வைத்து அதன்மேல் முட்டுகளைப் பற்றவைத்தார் பஞ்சநதம். கல் வண்டியை வெளியே தள்ளட்டும் என்று குழாயை ஒரு சாய்வு மேல்நோக்கி வைத்தார். கதவு ஓரத்தையும் நெளிவெடுத்தார். துருவை மறைக்கக் கறுப்புப் பெயின்ட். பளபளப்பு துளியும் இல்லை. ஹாஜாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

புதன்கிழமை மழை விட்டிருந்தது. செய்தி முன்னாலேயே போய்விட்டதால் துரைராசு தன் வரப்பிலும் ரெத்தினம் தன் வரப்பிலும் குடையோடு நின்றார்கள். கல் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் வக்கீலிடம் சொல்ல வேண்டுமல்லவா?

சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கின. கர்ரென்று ஒரு சத்தம். விஜயம் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். குழாய் கல்லின் மேல் ஏறி, வழுக்கி, பாதி தூரம் போய் நின்றது. பின்சக்கரங்கள் சேற்றில் சும்மா சுழன்றன.

"பின்னால பாரம் வேணும்!" ஹாஜா தலையை நீட்டிக் கத்தினான். "யாராவது குழாய்மேல ஏறி நில்லுங்க!"

இருந்ததே இரண்டு பேர்.

"நான் ஏறினா வண்டி என் பக்கம் சாயும். என் கல்லு பேந்துக்கும்" என்றார் துரைராசு.

"என் கல்லு மட்டும் என்ன, சாயாம நிக்குமா?" என்றார் ரெத்தினம்.

விஜயத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியே தலையை மட்டும் நீட்டினார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஏறுங்களேன்! அங்க வயித்துப் புள்ளக்காரிங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நான் மூணு எண்ணுவேன்."

மூன்று எண்ணி முடிப்பதற்குள் இரண்டு குடைகளும் மடங்கின. தத்தம் பக்கத்துக் குழாயின் பின்கோடியில் இருவரும் ஒரே நேரத்தில் கால் வைத்தார்கள். சக்கரம் மண்ணைப் பிடித்தது. ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே ஏறியது. கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் கீழே முழங்கால் சேறு. இறங்க இருவருக்கும் மனசில்லை. இரண்டு பக்கமும் தொற்றிக்கொண்டே ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். ஊர் அதைப் பார்க்க வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது.

விஜயம் கதவின் பிடியைத் திருகினார். திறந்தது. ஒன்றுமே நடக்காதவர் மாதிரி இறங்கி, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கடையை விரித்தார். மூச்சு வாங்க நின்ற இரண்டு பெரிய மனிதர்களையும் கண்டதும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, ரத்த அழுத்தம் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஏறித்தான் இருக்கு. உப்பைக் குறைங்க. கோர்ட்டுக்குப் போறதையும் குறைச்சா நல்லது."

"அவருக்கு எவ்வளவு?" துரைராசு கேட்டார்.

"உங்களுக்கு இருக்கறதேதான்."

ரெத்தினம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

கமருன்னிஸாவுக்குப் போன வாரத்தைவிட அழுத்தம் குறைந்திருந்தது. வீக்கமும் வடிந்திருந்தது. விஜயம் வயிற்றில் ஊதுகுழல் மாதிரி ஒன்றை வைத்துக் கேட்டுவிட்டு, திரைக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவனைக் கூப்பிட்டார்.

"வாங்க பாய், நீங்களும் கேளுங்க."

ஹாஜா குனிந்து காதை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். தூரத்தில், மிக வேகமாக, ஒரே சீராக ஒரு குட்டித் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், எப்படிக் கேக்குது?" என்றாள் கமருன்னிஸா.

என்ஜின் ஒரு துடிப்பு விட்டால்கூடக் கண்டுபிடிக்கிற காது அவனுடையது. தெரிந்த பாஷையில்தான் சொல்ல வந்தது.

"மிஸ்ஸிங்கே இல்ல புள்ளே" என்றான்.